தகடு வேறு, இரும்பு ஒன்று!

கல்வராயன் மலையில் கரியாலூருக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து ஒரு விவசாயத் தொழிலாளி தன் மோட்டார் சைக்கிளோடு கச்சிராயபாளையம் வந்து சேர்ந்தார். பாதி வழி மெதுவாக ஓட்டி, பாதி வழி இறங்கித் தள்ளி வந்திருக்கிறார். முன் சக்கரம் ஆடுகிறது. மலைப்பாதையின் பள்ளமும் மழைத்தண்ணீரும் சேர்ந்து சக்கரத்து பேரிங்கைத் தின்றுவிட்டன. வண்டி தவணையில் வாங்கியது. தவணை முடிய இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது.

பத்திரிகைச் சந்தா வசூலுக்காக நாம் அந்த மெக்கானிக் பட்டறை வாசலில் அப்போது நின்றுகொண்டிருந்தோம்.

"கம்பெனி சாமான்தான் போடணும்னு சொன்னாங்க" என்று தொழிலாளி மடியிலிருந்து இரண்டு அட்டைப் பெட்டிகளை எடுத்தார். முன் நாள் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்குப் போய், வண்டி விற்ற கடையிலேயே வாங்கி வந்தவை. பெட்டியின் மேல் கம்பெனியின் பெயர் பெரிதாக இருந்தது. அதன் கீழே பத்துப் பன்னிரண்டு எழுத்தும் எண்ணுமாக ஒரு நீண்ட குறி. நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. தொழிலாளிக்கும் விளங்கவில்லை.

மெக்கானிக் தம்பி சக்கரத்திலிருந்து பழைய பேரிங்கைத் தட்டி எடுத்தார். மண்ணெண்ணெயில் முக்கித் துணியால் துடைத்தார். வளையத்தின் ஓரத்தில் நான்கு எண்கள் தெரிந்தன: 6301. பிறகு கம்பெனிப் பெட்டியைப் பிரித்தார். உள்ளே இருந்த புது பேரிங்கின் ஓரத்திலும் அதே 6301. செய்தவனின் பெயரும் அதே பெயர். பக்கத்துத் தெரு பேரிங் கடையிலிருந்து ஒன்று வாங்கிவரச் சொன்னார். அதுவும் 6301தான். அதே பேரிங் கம்பெனி. விலை மட்டும் பாதிக்குச் சற்று மேல்.

"நமக்குத் தெரிஞ்சது இந்த நம்பர்தான் தோழர். டேங்க்ல என்ன பேரு எழுதியிருந்தாலும் உள்ளே நம்பரு ஒண்ணுதான்" என்றார் மெக்கானிக்.

மலைத் தொழிலாளி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்போ பஸ் செலவும் சேர்த்து அரைநாள் கூலியை இந்த அட்டைப் பெட்டிக்கா கொடுத்தேன்?"

அந்தக் கேள்வியைத்தான் இந்தக் கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்கிறோம். அட்டைப் பெட்டிக்கும் டேங்க் மேல் ஒட்டிய தகட்டுக்கும் நாம் ஏன் பணம் கொடுக்கிறோம்? அந்தப் பணம் யாரிடம் போகிறது?

ஒரே யந்திரம், பல பெயர்

6301 என்பது ஏதோ ஒரு கம்பெனியின் ரகசியம் அல்ல. உள் துவாரம் 12 மில்லிமீட்டர், வெளி விட்டம் 37 மில்லிமீட்டர், அகலம் 12 மில்லிமீட்டர். உலகத்தில் எந்த நாட்டில் எந்த ஆலையில் செய்தாலும் அந்த எண்ணுக்கு அந்த அளவுதான். பம்பு செட்டு மோட்டாரில் இருந்தாலும் வண்டிச் சக்கரத்தில் இருந்தாலும் ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றைப் போடலாம். பொது அளவு என்பது இதுதான். ஜனங்களுக்கு நன்மை செய்த ஏற்பாடு அது.

பேரிங்கைப் போலவே வண்டியின் மற்ற பாகங்களும் பொதுவாகி நெடுங்காலம் ஆகிறது. கோவையில் எல்.ஜி. பாலகிருஷ்ணன் கம்பெனி செய்யும் செயின் ஒரு கம்பெனி வண்டியில் மட்டும் ஓடுவதில்லை. கோவையில் பிரிக்கால் செய்யும் மீட்டர் பெட்டியும், மதுரையில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா செய்யும் டயரும் அப்படியே. 2020 ஏப்ரலில் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு கார்ப்பரேட்டர் போய் பெட்ரோல் பீய்ச்சும் சாதனம் வந்ததல்லவா? அதிலும் பாஷ் போன்ற இரண்டு மூன்று பெரிய கம்பெனிகளின் சரக்கே போட்டி போடும் பல கம்பெனிகளின் வண்டிகளில் உட்கார்ந்திருக்கிறது.

சரி, சில்லறைச் சாமான்கள் போகட்டும். எஞ்சினை எடுத்துக்கொள்வோம்.

நம்முடைய ஊர்களில் அதிகம் ஓடும் வண்டி எது? 1985ல் ஹீரோ ஹோண்டா கம்பெனி சி.டி. 100 என்ற வண்டியைக் கொண்டுவந்தது. 1994ல் ஸ்ப்ளெண்டர் வந்தது. 2001ல் பேஷன் வந்தது. பிறகு சி.டி. டீலக்ஸ். ஜப்பான்காரன் பிரிந்து போன பின்னர் எச்.எப். டீலக்ஸ். இவற்றுக்கெல்லாம் பொதுவாக இருந்தது ஒரு 97.2 சி.சி. எஞ்சின். பிஸ்டன் விட்டம் 50 மில்லிமீட்டர், ஓட்டம் 49.5 மில்லிமீட்டர். டேங்கின் வளைவு வேறு, விளக்கின் முகம் வேறு, ஸ்டிக்கரின் நிறம் வேறு, விலையும் வேறு. ஒருவன் சிக்கனக்காரன் என்று ஒரு பெயர். ஒருவன் ஷோக்குப் பேர்வழி என்று இன்னொரு பெயர். உள்ளே ஏறி இறங்குவது அதே பிஸ்டன்.

அந்த எஞ்சின் நல்ல எஞ்சின் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. நாமும் அதில்தான் சங்கராபுரத்துக்கும் சின்னசேலத்துக்கும் போய்வருகிறோம். நாம் சொல்வது இவ்வளவே: இது ஒரே கம்பெனிக்குள் நடப்பது, ஒரே குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வேறு வேறு சட்டை தைப்பது மாதிரி. ஆனால் இரண்டு வேறு கம்பெனிகள், இரண்டு வேறு நாடுகள், ஒரே வண்டியை இரண்டு பெயரில் விற்றால் அதற்கு என்ன பெயர்?

ஓசூரில் நடப்பது என்ன?

வெகுதூரம் போகவேண்டாம். நம்முடைய தமிழ்நாட்டிலே, ஓசூருக்குப் போவோம்.

2013 ஏப்ரலில் டி.வி.எஸ். மோட்டார் கம்பெனியும் ஜெர்மன் நாட்டு பி.எம்.டபிள்யூ. கம்பெனியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 500 சி.சி.க்கு உட்பட்ட வண்டிகளைச் சேர்ந்து உருவாக்குவது. ஓசூர் ஆலையில் உற்பத்தி செய்வது. அவரவர் பெயரில் அவரவர் விற்றுக்கொள்வது. அதிலிருந்து பிறந்தது ஒற்றை சிலிண்டர் கொண்ட 310 வரிசை எஞ்சின்.

2017 டிசம்பரில் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310 வந்தது. அறிமுக விலை 2.05 லட்சம் ரூபாய். 2018 ஜூலையில் அதே எஞ்சினோடு, அதே ஆலையிலிருந்து, பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஆர் வந்தது. விலை 2.99 லட்சம். இரண்டும் தோற்றத்தில் ஒன்றல்ல என்பதை நாம் மறைக்கவில்லை. சட்டமும் உட்காரும் அமைப்பும் கொஞ்சம் மாறும். அப்பாச்சிக்கு முன்புறம் காற்றைக் கிழிக்கும் கூடு உண்டு. விலை அதிகமான வண்டிக்கு அந்தக் கூடும் கிடையாது!

இதைவிட வேடிக்கை 2020 அக்டோபரில் நடந்தது. புகைக் கட்டுப்பாட்டு விதியால் வண்டி செய்யும் செலவு கூடிவிட்டது என்று எல்லாக் கம்பெனிகளும் புலம்பி விலையை ஏற்றிய காலம் அது. அந்தக் காலத்தில் புதிய விதிப்படி திருத்திய ஜி 310 ஆர் வண்டி 2.45 லட்சத்துக்கு வந்தது. செலவு ஏறியிருக்கும்போது விலை ஐம்பதாயிரத்துக்கு மேல் இறங்குகிறது என்றால், முன்பு வாங்கியவரிடம் வசூலித்த அந்த ஐம்பதாயிரம் எதற்கு? இரும்புக்கா? இல்லை. தகட்டுக்கு!

அதற்கு மேலும் சந்தேகமுள்ளவர்கள் 2022 ஜூலையைப் பார்க்கட்டும். அந்த மாதம் பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஆர்.ஆர். என்ற வண்டி வெளியானது. இம்முறை தோற்றத்தைக்கூட மாற்றச் சிரமப்படவில்லை. அது அப்பாச்சி ஆர்.ஆர். 310தான். அதே எஞ்சின், அதே சட்டம், அதே கூடு, அதே ஓசூர். நிறமும் பெயரும் மாற்றம். அப்பாச்சி அன்று 2.65 லட்சம். பெயர் மாறிய வண்டி 2.85 லட்சம்.

இருபதாயிரம் ரூபாய் வித்தியாசம்! ஓசூர் ஆலையில் அந்த வண்டிக்குப் போல்ட்டு முடுக்கிய தொழிலாளிக்கு, ஜெர்மன் தகடு ஒட்டிய வண்டியை முடுக்கியபோது ஒரு ரூபாய் அதிகம் கொடுத்தார்களா? முறுக்குவிசை ஒன்று, வியர்வை ஒன்று, ஷிப்டு ஒன்று. மதிப்பு மட்டும் ஆலை வாசலைத் தாண்டியதும் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

ஓசூர் ஒன்று மட்டும் அல்ல. அமெரிக்க ஹார்லி டேவிட்சன் கம்பெனி 2020ல் ஹரியானாவில் பாவலில் இருந்த தன் ஆலையை மூடுவதாக அறிவித்துவிட்டுப் போனது. அதே ஆண்டிலேயே ஹீரோ கம்பெனியோடு கை கோத்தது. 2023 ஜூலையில் ராஜஸ்தானின் நீம்ராணாவில் ஹீரோ ஆலையில் செய்த எக்ஸ் 440 என்ற வண்டி, ஹார்லி பெயரில் 2.29 லட்சத்தில் தொடங்கி விற்பனைக்கு வந்தது. 2024ல் அதே எஞ்சினோடு ஹீரோ பெயரில் மேவ்ரிக் 440 வந்தது. அது 1.99 லட்சத்தில் தொடங்கியது. ஆலையை மூடியவன் பெயர் இருந்தது; ஆலையில் வேலை பார்த்தவன் பெயர் போயிற்று.

இது புதிய வித்தை அல்ல

இந்தக் கண்கட்டு வித்தை நேற்றுத் தோன்றியதென்று யாரும் நினைக்கவேண்டாம்.

1955ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில்தான் இங்கிலாந்து ரெடிட்ச் நகரத்து ராயல் என்பீல்டு கம்பெனியும் மதராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்பீல்டு இந்தியா என்ற கம்பெனியை நிறுவின. பட்டாளத்துக்கும் போலீசுக்கும் வேண்டிய புல்லட் வண்டிகளுக்கான பாகங்கள் கப்பலில் வந்தன; நம் தொழிலாளர்கள் பூட்டினார்கள். பிறகு திருவொற்றியூர் ஆலையில் எல்லாப் பாகங்களையும் நம்மவர்களே செய்யத் தொடங்கினார்கள். அதே 1955ல் ரெடிட்ச் ஆலை வண்டிகள் அமெரிக்காவுக்கும் போயின. என்ன பெயரில் தெரியுமா? 'இந்தியன்' என்ற பெயரில்! அமெரிக்காவில் அந்தப் பெயருள்ள பழைய கம்பெனி 1953ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பெயர் மட்டும் மீதமிருந்தது. அந்தப் பெயரை இங்கிலாந்து வண்டிகளின் டேங்கில் ஒட்டி 1960 வரை விற்றார்கள்.

வேடிக்கையைப் பாருங்கள். இங்கிலாந்தில் செய்த வண்டிக்குப் பெயர் 'இந்தியன்'. இந்தியத் தொழிலாளி செய்த வண்டிக்கு இங்கிலாந்துப் பெயர். 1970ல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோனது. திருவொற்றியூர்த் தொழிலாளியின் கைதான் அந்தப் பெயரை உயிரோடு வைத்தது. ஆனால் பெயர் யாருடைய சொத்து? தொழிலாளியின் சொத்தா?

பூனாவில் பஜாஜ் கம்பெனி இத்தாலிய அனுமதியின் பேரில் வெஸ்பா ஸ்கூட்டரைச் செய்தது. 1971ல் அனுமதி முடிந்ததும் வெஸ்பா என்ற தகட்டைக் கழற்றிவிட்டு பஜாஜ் என்ற தகட்டை மாட்டியது. ஸ்கூட்டர் வேறாகிவிடவில்லை.

மைசூரில் ஐடியல் ஜாவா ஆலை செக்கோஸ்லோவாகிய ஜாவா வண்டியைச் செய்தது. எழுபதுகளில் அதே வண்டிக்கு எஸ்டி என்று பெயர் மாறிற்று. 1996ல் ஆலை மூடப்பட்டது. தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2018ல் மகிந்திரா குழுமத்தைச் சேர்ந்த கிளாசிக் லெஜண்ட்ஸ் கம்பெனி ஜாவா பெயரை எழுப்பிக்கொண்டு வந்தது. 2022ல் எஸ்டி பெயரையும் எழுப்பிற்று. இரண்டுக்கும் அடியில் 334 சி.சி. எஞ்சின் ஒரே குடும்பம். வண்டி மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரில் தயாராகிறது. இறந்த பெயருக்கு மறுபிறவி உண்டு. மூடிய ஆலையின் தொழிலாளிக்கு அந்த மறுபிறவி இல்லை. முதலாளித்துவத்தில் தகடு வாரிசுச் சொத்து. கை வாரிசற்றது.

பங்கிட்டுக் கொள்வது குற்றமா?

இங்கே சில தோழர்கள் அவசரப்பட்டு, "அப்படியானால் ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியே எல்லாப் பாகமும் செய்யவேண்டும் என்கிறீர்களா?" என்று கேட்கலாம். இல்லை. நாம் அதற்கு நேர் எதிரானதைச் சொல்கிறோம்.

ஓர் எஞ்சினைப் புதிதாக உருவாக்க எத்தனையோ வரைபடம், எத்தனையோ அச்சு, எத்தனையோ சோதனை வேண்டும். அச்சுச் செலவு பத்தாயிரம் வண்டியில் பிரிந்தால் வண்டி ஒன்றுக்குக் கனமாக விழும். பத்து லட்சம் வண்டியில் பிரிந்தால் லேசாகிவிடும். ஆகவே ஒரே பாகத்தைப் பலரும் பயன்படுத்துவது அறிவுள்ள ஏற்பாடு. இரும்பு மிச்சம், உழைப்பு மிச்சம், பெட்ரோல் மிச்சம். மனித குலத்தின் உழைப்பு தனித்தனிப் பட்டறைகளைத் தாண்டி ஒரு பெரிய கூட்டுப் பட்டறையாகிவிட்டது என்பதற்கு இது சாட்சி. கோவையும் மதுரையும் ஓசூரும் சேர்ந்தால்தான் ஒரு வண்டி உருளுகிறது. உற்பத்தி பொதுவாகிவிட்டது.

தகராறு எங்கே? மிச்சப்பட்டதை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதில். செலவைக் குறைக்கும்போது கம்பெனிகள் கூட்டாளிகள். நமக்கு விலை சொல்லும்போது போட்டியாளர்கள். வண்டி செய்யும்போது "ஒரே பாகம், ஒரே அளவு"; உதிரி பாகம் விற்கும்போது "வேறு பெட்டி, வேறு குறி, வேறு விலை". இந்த இரட்டை நாக்கைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

கம்பெனித் தரப்பு வக்கீல்கள் மூன்று வாதம் சொல்வார்கள். பதில் சொல்லிவிடுவோம்.

"பாகத்தைப் பங்கிடுவதால் விலை குறைகிறது, நன்மை உங்களுக்கே" என்பது முதல் வாதம். குறைந்திருந்தால் சந்தோஷம். ஆனால் ஓசூரின் 2.99 லட்சமும் 2.45 லட்சமும் என்ன சொல்கின்றன? விலையை நிர்ணயிப்பது செலவு மட்டும் அல்ல, வாங்குகிறவனிடம் எவ்வளவு கறக்கமுடியும் என்ற கணக்கும்தான்.

"பெயருக்குப் பின்னால் தரமும் சர்வீசும் இருக்கிறது" என்பது இரண்டாவது. இருக்கலாம். சோதனை அதிகம் செய்தால், உத்தரவாதம் அதிகம் கொடுத்தால், அதற்கு விலை கேட்கட்டும், கணக்கைக் காட்டட்டும். தரத்தை உண்டாக்கியது ஆலைத் தொழிலாளியின் கண்ணும் கையும். அதே கண், அதே கை, அதே யந்திரத்தில் செய்த இரண்டு வண்டிகளில் ஒன்றுக்கு மட்டும் தரம் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது?

"கம்பெனிப் பெட்டி இல்லாவிட்டால் போலிச் சாமான் வந்துவிடும், உயிருக்கு ஆபத்து" என்பது மூன்றாவது. இதில் உண்மை இருக்கிறது என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். போலி பிரேக் ஷூ போட்டுக்கொண்டு வெள்ளிமலையிலிருந்து இறங்குகிறவன் எமனோடு சவாரி செய்கிறான். கல்வராயன் மலை வளைவு தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஆனால் போலியை ஒழிக்க வழி என்ன? பாகத்தைச் செய்தவன் யார், அதன் அளவு எது, எந்த எந்த வண்டிக்கு அது பொருந்தும் என்று பகிரங்கமாகப் பெட்டியில் அச்சடிப்பதுதான் வழி. இருட்டில்தான் போலி வளரும். இருட்டை உண்டாக்குவது அந்த நீண்ட கம்பெனிக் குறிதான்!

இது நம் கற்பனைக் குற்றச்சாட்டு அல்ல. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார்க் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களை வெளிச் சந்தையில் கிடைக்கவிடாமல், வெளி மெக்கானிக்குகளுக்கு விவரமும் கருவியும் தராமல் அடைத்து வைத்தார்கள் என்பதே குற்றம். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்கு ஓடின. அது கார் வழக்கு. மோட்டார் சைக்கிள் அதில் இல்லை. ஆனால் கார் முதலாளி ஒரு ஜாதி, மோட்டார் சைக்கிள் முதலாளி வேறொரு ஜாதியா? 2022 ஜூலையில் மத்திய சர்க்கார், பழுது பார்க்கும் உரிமை பற்றி ஒரு கமிட்டி அமைத்தது. வாகனங்களும் அதன் பட்டியலில் இருந்தன. கமிட்டி வந்தது, கரியாலூர்த் தொழிலாளிக்கு அட்டைப் பெட்டி விலை குறையவில்லை.

தொழிலாளிக்கும் தகடு

தோழர்களே! வண்டிக்கு மட்டுமா தகடு மாற்றுகிறார்கள்? நம்மையும் அப்படித்தான் பிரிக்கிறார்கள்.

எந்தப் பெரிய மோட்டார் ஆலைக்குப் போனாலும் ஒரே வரிசையில் நாலு விதமான ஆட்கள் நிற்கிறார்கள். ஒருவர் நிரந்தரம். ஒருவர் ஒப்பந்தம். ஒருவர் பயிற்சியாளர். ஒருவர் அப்ரண்டிஸ். சட்டை நிறம் வேறு, மார்பில் தொங்கும் அட்டை வேறு, கூலி வேறு. முடுக்குகிற போல்ட்டு ஒன்றே. 6301 பேரிங்கை மூன்று பெட்டியில் போட்டு மூன்று விலை சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒன்றே ஒன்று: அங்கே பெட்டியால் விலையை ஏற்றுகிறார்கள், இங்கே அட்டையால் கூலியை இறக்குகிறார்கள்.

நிரந்தரத் தொழிலாளி செய்யும் அதே வேலையை ஒப்பந்தத் தொழிலாளி செய்தால் அதே கூலி தரவேண்டும் என்று 1971ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் மத்திய விதிகள் சொல்லின. ஐம்பது ஆண்டு காலம் அது காகிதத்தில் உறங்கியது. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்தில் நான்கு தொகுப்புச் சட்டங்களை அமலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சட்டத்துக்கும் தகடு மாற்றம்!

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்து வாலிபர்கள் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூருக்கும் ஒரகடத்துக்கும் போகிறார்கள். போகிறவர்கள் 2018 செப்டம்பரை மறக்கவேண்டாம். அந்த மாதம் ஒரகடத்தில் யமஹா ஆலையிலும், ராயல் என்பீல்டு ஆலையிலும், கார்க் கம்பெனிகளுக்குப் பாகம் செய்யும் மியோங் ஷின் ஆலையிலும் ஒரே சமயத்தில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். யமஹாவில் சங்கம் அமைத்ததற்காக இரண்டு தொழிலாளர்களை வெளியே அனுப்பியதுதான் தீப்பொறி. கடைத்தெருவில் யமஹாவும் என்பீல்டும் எதிரிகள். ஒரகடம் சாலையில் அந்த இரண்டு ஆலைத் தொழிலாளிகளும் சங்க உரிமை என்ற ஒரே கோஷத்தோடு நின்றார்கள். தகட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் தெரியும் உண்மையை அன்று அவர்கள் தெருவில் நின்று காட்டினார்கள்.

மூன்று ஜாகீர்களின் பாடம்

இதையெல்லாம் மலைத் தோழர்களுக்கு நாம் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. அவர்கள் பாட்டன்மாருக்குத் தெரிந்த கதைதான்.

கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்தது. சடையக் கவுண்டன் ஜாகீர், குரும்பக் கவுண்டன் ஜாகீர், ஆரியக் கவுண்டன் ஜாகீர் என்று மூன்று. ஒரு ஜாகீரின் எல்லை தாண்டினால் பெயர் மாறியது. வரி நின்றதா? வெட்டிவேலை நின்றதா? பெயர் மூன்றாயிருந்தாலும் ஏர் பிடித்தவன் முதுகு வளைந்தது ஒரே விதமாகத்தான். அந்தப் பிடியை ஒழிக்க 'நல்ல ஜாகீர் எது' என்று தேடியா புறப்பட்டார்கள்? ஜாகீர் முறையே ஒழியவேண்டும் என்றல்லவா கேட்டார்கள்! ஒழிந்தது.

இன்று அதே மலையில் எந்தக் கம்பெனி வண்டி சிறந்தது என்று டீக்கடையில் சண்டை நடக்கிறது. அண்ணன் ஒரு கம்பெனிக் கட்சி, தம்பி இன்னொரு கம்பெனிக் கட்சி. நாம் கேட்கிறோம்: மலைத் தொழிலாளி ஏன் கடன்பட்டு வண்டி வாங்குகிறான்? ஷோக்குக்காகவா? பஸ் நினைத்த நேரத்துக்கு வருவதில்லை. மரவள்ளி மூட்டையும் புளி மூட்டையும் கீழே இறங்கவேண்டும். காய்ச்சல்காரப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கரும்பு வெட்டு வேலைக்கு விடியுமுன் சமவெளிக்கு வந்து சேரவேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகுதான், ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையை வழக்காக எடுத்துக்கொண்டு ரோடு, பஸ், ஆஸ்பத்திரி என்று சர்க்காரைக் கேள்வி கேட்கத் தொடங்கியது. சர்க்கார் போடாத ரோட்டின் செலவைத் தொழிலாளி பேரிங்காகவும் டயராகவும் செயினாகவும் தன் கூலியிலிருந்து கட்டுகிறான். தவணை தவறினால் வண்டியையே தூக்கிக்கொண்டு போகிறார்கள். அவனுக்கு வண்டி ஆடம்பரம் அல்ல; மண்வெட்டி மாதிரி, கதிர் அரிவாள் மாதிரி ஒரு கருவி. கருவிக்கு வரி போடுவது போலத் தகட்டுக்கு விலை வாங்குவதை எப்படிப் பொறுப்பது?

நாம் கேட்பது என்ன?

வெறும் புலம்பலால் பயனில்லை. கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம்.

ஒன்று: ஒவ்வொரு உதிரி பாகத்தின் பெட்டியிலும் செய்தவன் பெயர், பொது அளவு எண், பொருந்தும் வண்டிகளின் பட்டியல் ஆகியவற்றைத் தமிழிலும் அச்சடிக்க வேண்டும்.

இரண்டு: ஒரே பாகத்துக்கு ஒரே விலை. பெட்டி மாறியதற்காக விலை மாறக்கூடாது.

மூன்று: பேரிங்குக்குப் பொது அளவு இருப்பது போல பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், செயின் செட், வடிகட்டி ஆகியவற்றுக்கும் சர்க்கார் பொது அளவு நிர்ணயிக்க வேண்டும்.

நான்கு: வெளி மெக்கானிக்குகளுக்கு விவரமும் கருவியும் மறுக்கக்கூடாது. கிராமத்து மெக்கானிக்கும் தொழிலாளிதான். அவர் பிழைப்பும் இதில் அடங்கியிருக்கிறது.

ஐந்து: ஆலைக்குள் ஒரே வேலைக்கு ஒரே கூலி. நிரந்தரம், ஒப்பந்தம், பயிற்சி என்ற அட்டைப் பிரிவினை ஒழியவேண்டும்.

ஆறு: கல்வராயன் மலையின் ஒவ்வொரு சிற்றூருக்கும் ரோடும் பஸ்ஸும் வேண்டும்.

இவை கிடைக்கும் வரை சும்மா இருக்கவேண்டுமா? வேண்டாம். கச்சிராயபாளையம், மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைத் தோழர்களில் பேரிங்கும் செயினும் அறிந்த பிட்டர்கள் பலர் இருக்கிறார்கள். மெக்கானிக் தம்பிகளையும் சேர்த்துக்கொண்டு, எந்தக் கம்பெனிக் குறிக்கு எந்தப் பொது எண், எந்தப் பாகம் எந்த வண்டிக்குப் பொருந்தும் என்று ஒரு பட்டியல் தயாரியுங்கள். பொருந்தும் என்று கையால் சோதித்ததை மட்டும் எழுதுங்கள். பிரேக் விஷயத்தில் ஊகத்துக்கு இடம் கொடாதீர்கள். அந்தப் பட்டியலைச் சங்க அலுவலகச் சுவரிலும் சந்தை நாளில் டீக்கடைச் சுவரிலும் ஒட்டுங்கள். நம் பத்திரிகைக்கும் அனுப்புங்கள்.

கரியாலூர்த் தொழிலாளியின் சக்கரம் அன்று மாலை சரியாகிவிட்டது. கம்பெனிப் பெட்டியிலிருந்து வந்த பேரிங் வலப்பக்கம், தெருக்கடையிலிருந்து வந்த பேரிங் இடப்பக்கம். மீந்த இன்னொரு கம்பெனிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். வண்டியை எடுக்குமுன் மெக்கானிக்கிடம் ஒரு சுண்ணாம்புக் கட்டி வாங்கி, பட்டறைக் கதவில் பெரிதாக எழுதினார்: 6301.

"நம்ம ஊருல இன்னும் ஏழு பேருகிட்ட இதே வண்டி இருக்குது. அவங்களுக்கும் சொல்லணும்" என்றார்.

பட்டியலின் முதல் வரி எழுதப்பட்டுவிட்டது, தோழர்களே. இரண்டாவது வரியை நீங்கள் எழுதுங்கள்!